போல் டாக்ஸ்: பிரிட்டனைத் தெருவில் இறக்கிய தலைவரி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990 மார்ச் 31 அன்று லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் எரிந்த தீயின் படங்கள் இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் பெரும்பாலும் கலவரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். கலவரம் ஒரு மதியமும் ஓர் இரவும்தான். அந்த வரியைச் சாகடித்த வேலை அதற்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகள், மாடிப்படிகளிலும் நீதிமன்ற வராந்தாக்களிலும் நடந்தது. அதையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

போல் டாக்ஸ் என்றால் என்ன?

சட்டப் புத்தகத்தில் அதன் பெயர் கம்யூனிட்டி சார்ஜ். 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் தன் ஊர் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சிக்கு, கட்ட வேண்டிய வரி. ஒரே கவுன்சில் எல்லைக்குள் கோடீஸ்வரருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே தொகை. அரசு கடைசிவரை கம்யூனிட்டி சார்ஜ் என்றே சொல்லிப் பார்த்தது. மக்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. போல் டாக்ஸ் என்றார்கள். நம் தலைவரிதான்.

ஸ்காட்லாந்தில் 1989 ஏப்ரல் 1 முதலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990 ஏப்ரல் 1 முதலும் அமலுக்கு வந்தது. வட அயர்லாந்துக்கு வரவே இல்லை.

அதற்கு முன் என்ன வரி இருந்தது? அதில் என்ன குறை கண்டார்கள்?

ரேட்ஸ் என்ற வீட்டு வரி. வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று ஒரு மதிப்பு போட்டு, அதன்மேல் கவுன்சில் வரி விதிக்கும். நம் ஊர் சொத்து வரியைக் கட்டியவர்களுக்கு இது புதிதல்ல.

குறை இருந்தது உண்மைதான். கணவர் போன பிறகு பெரிய வீட்டில் தனியாக இருக்கும் மூதாட்டியும், பக்கத்து வீட்டில் சம்பாதிக்கும் நான்கு பேரும் ஒரே தொகை கட்டுவார்கள். இந்த வரியைக் கொண்டுவந்த கன்சர்வேட்டிவ் கட்சிப் பிரதமர் மார்கரெட் தாட்சர், 1974 தேர்தலின்போதே ரேட்ஸை ஒழிப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். 1986-ல் அரசு வெளியிட்ட திட்ட அறிக்கை ஒரு கணக்கைக் காட்டியது: இங்கிலாந்தில் உள்ளாட்சி வாக்காளர்கள் 3.5 கோடி, ரேட்ஸ் கட்டும் பொறுப்புள்ளவர்கள் 1.8 கோடி, அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தள்ளுபடி உண்டு. ஆகவே முழுத் தொகையும் கட்டுபவர்கள் 1.2 கோடி பேர்தான். மற்றவர்கள் காசு கொடுக்காமலே தாராளமாகச் செலவழிக்கும், எதிர்க்கட்சியான லேபர் கட்சியின் கவுன்சில்களுக்கு ஓட்டுப் போடுகிறார்கள், எல்லோரையும் கட்ட வைத்தால் யோசித்து ஓட்டுப் போடுவார்கள் என்பது அவர்கள் வாதம்.

வாதம் தாளில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர் கட்டும் வாடகைக்குள்ளேயே ரேட்ஸ் ஒளிந்திருந்ததையும், கட்டுபவரின் மனைவியும் பிள்ளைகளும் அதே வீட்டில் இருந்துகொண்டுதான் ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் அது கணக்கில் எடுக்கவில்லை.

சரி, மக்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள்?

அன்றைய பத்திரிகைகளில் வந்த ஒரு கணக்கைச் சொன்னால் போதும். வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். ரேட்ஸாக 10,000 பவுண்டுக்கு மேல் கட்டிவந்தவருக்குப் புதிய வரி 417 பவுண்டு. அவர் வீட்டு வேலையாளுக்கும் அதே 417. கோமகன் ஏன் குப்பை அள்ளுபவரைவிட அதிகம் கட்ட வேண்டும் என்று இந்த வரிக்குப் பொறுப்பான அமைச்சர் நிக்கலஸ் ரிட்லி கேட்டதாகச் சொல்வார்கள். அந்தக் கேள்வி அவர் கட்சியையே பல வருடம் துரத்தியது.

அடுத்தது குடும்பக் கணக்கு. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, வேலைக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர் ஒரு சின்ன வீட்டில் இருந்தால் ஆறு தலைக்கும் ஆறு பில். கூட்டுக் குடும்பமாக வாழ்ந்த தெற்காசியர்களுக்கும், ஒரே வீட்டைப் பலர் பகிர்ந்துகொண்டவர்களுக்கும் விழுந்த அடி இது. ஒரு பெரிய மாளிகையில் தனியாக இருப்பவருக்கு ஒரே பில்.

தொகையும் சொன்னதைவிட ஏறிப்போனது. இங்கிலாந்தில் சராசரியாக 278 பவுண்டு வரும் என்று அரசு சொல்லியிருந்தது. வந்தது சுமார் 363. லண்டனுக்குள்ளேயே வாண்ட்ஸ்வொர்த்தில் 148 பவுண்டு, ஹாரிங்கேயில் 570-க்கும் மேல். குறைந்த வருமானக்காரர்களுக்கு 80 சதவீதம் வரை தள்ளுபடி இருந்தது. ஆனால் மாணவர்களும், பிழைப்புக்கே அரசு உதவித்தொகையை நம்பி இருந்தவர்களும் கூட மீதி 20 சதவீதத்தைக் கட்டியே ஆக வேண்டும். கையில் எதுவும் இல்லாதவரிடம் ஐந்தில் ஒரு பங்கு கேட்பதில் வரும் வருமானம் அற்பம், வரும் ஆத்திரம் அதிகம்.

பலருக்கும் தெரியாத ஒரு கோளாறும் உள்ளே இருந்தது. கடைகள், தொழிற்சாலைகள் மீதான வரியை அதே சமயத்தில் மத்திய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. கவுன்சில் வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் உள்ளூரில் திரட்டுவதாக மிஞ்சியது. அப்படியென்றால் கவுன்சில் செலவு 1 சதவீதம் கூடினால், தலைவரி 4 சதவீதம் ஏற வேண்டும். பணவீக்கம் கூடிக்கொண்டிருந்த நேரத்தில் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தால் பில் எப்படிக் குறையும்?

அரசுக்குள் யாருமே எச்சரிக்கவில்லையா?

எச்சரித்தார்கள், அதுவும் நிதியமைச்சரே. நைஜல் லாசன் 1985-லேயே இது நடைமுறைக்கு ஒத்துவராது, அரசியல் ரீதியாகப் பேரழிவு என்று குறிப்பு எழுதி வைத்தார். எதிர்த்துச் சொன்னதோடு நின்றுவிட்டார். தடுக்க அவர் மெனக்கெடவில்லை என்பது என் எண்ணம். 1988 ஏப்ரலில் ஆளுங்கட்சி உறுப்பினர் மைக்கேல் மேட்ஸ், வருமானத்துக்கு ஏற்ப வரியைப் பிரிக்கலாம் என்று திருத்தம் கொண்டுவந்தார். அது 25 ஓட்டில் தோற்றது. அது ஜெயித்திருந்தால் நீங்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

பழைய வரியையும் புதிய வரியையும் சில வருடம் சேர்த்தே ஓட்டி, மெதுவாக மாறலாம் என்ற யோசனையும் இருந்தது. 1987 கட்சி மாநாட்டின் உற்சாகத்தில் அதையும் கைவிட்டார்கள்.

ஸ்காட்லாந்தைச் சோதனை எலி ஆக்கினார்களா?

ஸ்காட்லாந்தில் இன்றும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். ஒரு வருடம் முன்னால் அங்கே அமலானது அந்த எண்ணத்துக்குக் காரணம். நடந்தது கொஞ்சம் வேறு மாதிரி. 1985-ல் ஸ்காட்லாந்தில் வீடுகளுக்கு மறுமதிப்பீடு நடந்து ரேட்ஸ் தாறுமாறாக ஏறியது. அங்கிருந்த கன்சர்வேட்டிவ் கட்சியினர் பயந்துபோய், புதிய வரியைச் சீக்கிரம் கொடுங்கள் என்று அவர்களாகவே கேட்டு வாங்கினார்கள். 1987 தேர்தலில் ஸ்காட்லாந்தின் 72 இடங்களில் அந்தக் கட்சி 21-லிருந்து 10-க்கு இறங்கியது. தாங்கள் ஓட்டுப் போடாத கட்சி, தாங்கள் கேட்காத வரியைத் தலையில் கட்டுகிறது என்ற மனக்கசப்பு பிற்பாடு தனி நாடாளுமன்றக் கோரிக்கைக்கும் உரமானது.

1381-லும் இதே போல நடந்ததாமே?

ஆமாம். பிரான்ஸோடு நடந்த நீண்ட போருக்காக 1377, 1379, 1380 என்று மூன்று முறை தலைவரி போட்டார்கள். மூன்றாவது முறை தலைக்கு ஒரு ஷில்லிங். எசெக்ஸ், கென்ட் பகுதிக் குடியானவர்கள் லண்டனுக்குள் புகுந்தார்கள். அரசின் தலைமை அமைச்சராகவும் இருந்த கேன்டர்பரி பேராயர் சைமன் சட்பரியின் தலையை வெட்டினார்கள். தலைவர் வாட் டைலரை ஸ்மித்ஃபீல்டில், 14 வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் கண்ணெதிரே கொன்றார்கள். 1990-ல் இந்தக் கதையை எல்லோரும் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். புதிய வரிக்கு அரசு வேறு பெயர் வைக்கப் பாடுபட்டதன் காரணமும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

எதிர்ப்பை யார் தொடங்கினார்கள்?

பெரிய கட்சிகள் எதுவும் இல்லை. 1987-லேயே கிளாஸ்கோவின் மேரிஹில் பகுதியில் தெருக்காரர்கள் கூடி ஒரு போல் டாக்ஸ் எதிர்ப்புச் சங்கம் வைத்தார்கள். அப்புறம் அது ஸ்காட்லாந்து முழுக்கப் பரவி, அடுத்து இங்கிலாந்துக்கு இறங்கியது. ஓய்வு பெற்ற தொழிலாளி, கைக்குழந்தையோடு வரும் அம்மா, சோஷலிஸ்ட், அரசே வேண்டாம் என்னும் அனார்க்கிஸ்ட் என்று எல்லோரும் கலந்த சங்கங்கள். 1989 நவம்பரில் இவற்றைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு உருவானது. தலைவர் கிளாஸ்கோ இளைஞர் டாமி ஷெரிடன். லேபர் கட்சிக்குள் இருந்த மிலிட்டன்ட் என்ற இடதுசாரிக் குழுவுக்கு அதில் பெரும் பிடி இருந்தது.

லேபர் தலைமையோ வரியை எதிர்த்தது, ஆனால் கட்டாதே என்று சொல்லத் தயங்கியது. நாளைக்கு ஆட்சிக்கு வர நினைக்கும் கட்சி சட்டத்தை மீறச் சொல்ல முடியாது என்றது. தவிர, வரியை வசூலித்தவையே பெரும்பாலும் லேபர் கவுன்சில்கள்தான். ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி மட்டும் கட்டாதே என்று வெளிப்படையாகச் சொன்னது.

முதல் சண்டை படிவத்தில் தொடங்கியது. வீட்டில் எத்தனை பேர், என்ன பெயர் என்று கேட்டு வந்த படிவத்தைச் சிலர் கிழித்தார்கள். சாமர்த்தியசாலிகள் கேள்விமேல் கேள்வி எழுதித் திருப்பி அனுப்பி மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். 1990 மார்ச்சில் ஒவ்வொரு கவுன்சிலும் தொகையை முடிவு செய்யக் கூடியபோது வெளியே கூட்டம் முற்றுகையிட்டது. ஹாக்னி, லாம்பெத், பிரிஸ்டல் என்று பல இடங்களில் போலீஸோடு மோதல். நாட்டிங்ஹாமில் சிலர் ராபின் ஹுட் வேஷத்தில் கூட்டத்துக்குள் புகுந்தார்கள்.

மார்ச் 31 அன்று என்னதான் நடந்தது?

அது சனிக்கிழமை, நல்ல வெயில். தென் லண்டனில் கென்னிங்டன் பூங்காவில் கூடி டிராஃபல்கர் சதுக்கம் வரை ஊர்வலம். டிராஃபல்கர் சதுக்கத்தில் சுமார் 60,000 பேருக்குத்தான் இடம். அதைவிடப் பெரிய கூட்டம் வரும் என்று தெரிந்ததும், ஹைட் பார்க்குக்கு மாற்றித் தாருங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள், அனுமதி கிடைக்கவில்லை. வந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம். அதே நாளில் கிளாஸ்கோவில் சுமார் 50,000 பேர் நடந்த ஊர்வலம் அமைதியாகவே முடிந்தது. அதை இன்று யாரும் பேசுவதில்லை.

மதியம் வரை திருவிழா போலத்தான் இருந்தது: மேளம், குழந்தைகள், வீட்டிலேயே எழுதிய பதாகைகள். ஒயிட்ஹாலில் பிரதமர் வீடு இருக்கும் டவுனிங் தெருவுக்கு எதிரே சிலர் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் அவர்களை அப்புறப்படுத்த முயன்றது. பின்னால் வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு முன்னால் நடப்பது தெரியாது. நெருக்கித் தள்ளிக்கொண்டே வந்தது. குதிரைப் போலீஸ் இறங்கியது. கம்புகளும் புட்டிகளும் பறந்தன. சதுக்கத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்த ஒரு கட்டட வேலையிடம் கூட்டத்தின் கையில் சிக்கியது. சாரத்தில் ஏறி நின்று கையில் கிடைத்ததை எறிந்தார்கள், தொழிலாளர்களுக்காகப் போட்டிருந்த தற்காலிக அறைகள் தீப்பிடித்தன. தென்னாப்பிரிக்கத் தூதரகத்திலும் தீ. அப்போது அங்கே நிறவெறி ஆட்சி, ஆகவே அந்தக் கட்டடத்தின் மேல் ஏற்கெனவே பலருக்குக் கோபம்.

மாலையில் போலீஸ் கூட்டத்தைச் சதுக்கத்திலிருந்து வடக்கே தள்ளியது. வடக்கே இருப்பது லண்டனின் கடைவீதி, நாடக அரங்குகள், ஓட்டல்கள். சனிக்கிழமை மாலை அங்கே எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கார்கள் கவிழ்ந்தன, கண்ணாடிகள் நொறுங்கின, கடைகள் கொள்ளை போயின. நள்ளிரவு வரை ஓயவில்லை. அன்று கைதானவர்கள் 339 பேர். காயம்பட்டவர்கள் 113 பேர், அதில் போலீஸார் 45. அடிபட்ட குதிரைகள் 20.

கலவரத்தைத் தொடங்கியது போலீஸா, கூட்டமா?

அரசும் பத்திரிகைகளும் அனார்க்கிஸ்டுகள் திட்டமிட்டுச் செய்தது என்றன. ஊர்வலத்தில் போனவர்கள் குதிரைகளையும், கூட்டத்துக்குள் வேகமாக வந்த போலீஸ் வேன்களையும் காட்டினார்கள். சண்டைக்குத் தயாராக வந்த சிலர் இருந்தது உண்மை. ஆனால் 2 லட்சம் பேரை 60,000 பேர் இடத்துக்குள் அனுப்பிவிட்டு, வழியில் பிரதமர் வாசலையும் வைத்து, வெளியேற வழியை அடைத்தால், யார் முதல் கல்லை எறிந்தார் என்பது இரண்டாம் கேள்வியாகிவிடுகிறது.

கூட்டமைப்பின் தலைவர்கள் சிலர் கலவரக்காரர்களின் பெயரைச் சொல்லவும் தயார் என்ற தொனியில் பேசப்போய், சொந்த ஆட்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கைதானவர்களுக்காக டிராஃபல்கர் சதுக்கக் குற்றம்சாட்டப்பட்டோர் இயக்கம் என்று தனியாக ஒன்று பிறந்தது. போலீஸ் எடுத்த வீடியோவையே கேட்டு வாங்கிப் பார்த்து, போலீஸ் சாட்சியோடு ஒத்துப்போகாத வழக்குகளை உடைத்தது அது.

வரி கட்டாதவர்களை அரசு என்ன செய்தது?

என்னைப் பொறுத்தவரை கதையின் நடுப்பகுதி இதுதான்.

இங்கிலாந்தில் கட்டாதவருக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வரும். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வழக்குகள். வழக்கமாக யாரும் வரமாட்டார்கள், கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்று கவுன்சில்கள் நினைத்தன. சங்கத்துக்காரர்கள் எல்லோரையும் நேரில் வரச் சொன்னார்கள். வராந்தா நிரம்பி வழிந்தது. ஒவ்வொருவரும் எழுந்து கேள்வி கேட்டார்கள். 1990 ஜூனில் இங்கிலாந்தின் முதல் வழக்குகள் வைட் தீவில் வந்தன. நினைவூட்டுக் கடிதத்தை இரண்டாம் வகுப்புத் தபாலில் அனுப்பியதால் சட்டம் சொன்ன அவகாசம் கிடைக்கவில்லை என்று மொத்தமாகத் தள்ளுபடி. தபால்தலையில் மிச்சம் பிடிக்கப் போய் வழக்கே போனது.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் பக்கத்தில் சட்டம் தெரிந்த ஒரு நண்பரை உட்கார வைத்துக்கொண்டார்கள். மாஜிஸ்திரேட்டுகள் மறுத்தபோது லெஸ்டர் வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய், 1991-ல் மக்கள் பக்கம் தீர்ப்பானது. பிறகு யாரோ இன்னொரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள்: கவுன்சில் கொண்டுவரும் கணினிப் பட்டியல் இந்த நீதிமன்றங்களில் சாட்சியமாகச் செல்லாது. அதிலும் பல வழக்குகள் விழ, அரசு 1992-ல் சட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

சிறைத் தண்டனையும் உண்டு, மூன்று மாதம் வரை. லிவர்பூல் நாடாளுமன்ற உறுப்பினர் டெர்ரி ஃபீல்ட்ஸ் 1991-ல் 60 நாள் தண்டனை பெற்று உள்ளே போனார்.

ஸ்காட்லாந்தில் சிறை இல்லை, ஜப்தி இருந்தது. நம் ஊர் அமீனா மாதிரி ஷெரிஃப் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து சாமான்களுக்கு விலை போடுவார்கள், பிறகு ஏலம். அமீனா வருகிறார் என்று தெரிந்தால் சங்கத்தினர் தொலைபேசியில் ஆள் திரட்டி, அந்தக் குடியிருப்பின் மாடிப்படியை அடைத்து நின்றுவிடுவார்கள். வருபவர் கீழிருந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். 1991 அக்டோபரில் கிளாஸ்கோ டர்ன்புல் தெருவில் நடக்க இருந்த ஏலத்தை ஷெரிடன் தலைமையில் கூட்டம் தடுத்தது. நீதிமன்றத் தடை உத்தரவைக் கிழித்துப் போட்ட அவருக்கு ஆறு மாதம் சிறை. சிறையில் இருந்தபடியே 1992 மே மாதம் கிளாஸ்கோ கவுன்சில் தேர்தலில் ஜெயித்தார். பிற்காலத்தில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இந்த ஏல முறையையே 2001-ல் ஒழித்தது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

எத்தனை பேர் கட்டவில்லை?

இயக்கத்தினர் சொல்லும் எண்ணிக்கை 1 கோடியே 80 லட்சம். அதில் கடைசிவரை கட்டாதவர், தாமதமாகக் கட்டியவர், பாதி கட்டியவர் எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொள்வது நல்லது. கொள்கைக்காகக் கட்டாதவர்களைவிட, கையில் இல்லாமல் கட்டாதவர்களும், பக்கத்து வீட்டுக்காரர் கட்டவில்லையே நான் ஏன் என்று நிறுத்தியவர்களும் அதிகம் இருந்திருப்பார்கள். கவுன்சிலுக்கு எல்லாம் ஒன்றுதான். வீடு நகராது, ஆள் நகர்வார். வாடகை அறை மாறும் இளைஞரைத் தேடிப் பிடித்து பில் கொடுப்பதற்கே பணம் கரைந்தது. வசூல் செலவு ரேட்ஸைவிட இரண்டு மடங்குக்கு மேல் போனது.

பெயர் தெரிந்தால் பில் வரும் என்று வாக்காளர் பட்டியலிலேயே சேராமல் ஒளிந்தவர்களும் உண்டு. இந்த வரியால் ஜனநாயகப் பொறுப்பு வளரும் என்று சொல்லித்தானே தொடங்கினார்கள்.

தாட்சர் பதவி இழந்தது இதனால்தானா?

பாதி. 1990 மார்ச்சில் மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் இடைத்தேர்தலிலும், அக்டோபரில் ஈஸ்ட்போர்ன் இடைத்தேர்தலிலும் அவர் கட்சி தன் கோட்டைகளைப் பறிகொடுத்தது. அடுத்த தேர்தலில் தங்கள் பதவியும் போய்விடும் என்று கட்சி எம்.பி.க்கள் நடுங்கினார்கள். ஆனால் உடனடிக் காரணம் ஐரோப்பா பற்றிய சண்டை. நவம்பர் 1 அன்று துணைப் பிரதமர் ஜெஃப்ரி ஹவ் ராஜினாமா செய்தார். கட்சித் தலைமைக்கு அவரை எதிர்த்துப் போட்டியிட்ட மைக்கேல் ஹெசல்டைன், வந்தால் போல் டாக்ஸை மறுபரிசீலனை செய்வேன் என்றார். நவம்பர் 20 அன்று கட்சி எம்.பி.க்கள் போட்ட ஓட்டில் தாட்சருக்கு 204, ஹெசல்டைனுக்கு 152. முதல் சுற்றிலேயே முடிக்க முந்தினால் மட்டும் போதாது, போதிய வித்தியாசமும் வேண்டும்; அதற்கு இன்னும் 4 ஓட்டு வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து தாட்சர் விலகுவதாக அறிவித்தார்.

வரி எப்போது ஒழிந்தது?

ஜான் மேஜர் பிரதமரானதும், ஹெசல்டைனையே இந்தத் துறைக்கு அமைச்சராக்கினார். 1991 மார்ச் பட்ஜெட்டில் வாட் வரியை 15-லிருந்து 17.5 சதவீதமாக ஏற்றி, அந்தப் பணத்தில் ஒவ்வொரு தலைவரி பில்லிலும் 140 பவுண்டு குறைத்தார்கள். அதாவது தலைவரியைக் குறைக்கக் கடையில் வாங்கும் பொருளுக்கு வரி. அதே வாரத்தில் போல் டாக்ஸ் ஒழிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 1993 ஏப்ரலில் கவுன்சில் டாக்ஸ் அதன் இடத்துக்கு வந்தது: வீட்டு மதிப்பை வைத்து எட்டுப் படிநிலைகள், தனியாக வசிப்பவருக்கு 25 சதவீதம் கழிவு. சுற்றிச் சுற்றி வீட்டு வரிக்கே திரும்பினார்கள். இங்கிலாந்தில் இன்றுவரை அந்தப் படிநிலை 1991 மதிப்பிலேயே நிற்கிறது. மறுமதிப்பீட்டைத் தொட்டால் என்ன நடக்கும் என்று ஸ்காட்லாந்தில் பார்த்தவர்கள் அல்லவா, எந்த அரசும் கை வைக்கவில்லை.

நம் பக்கத்தில் பிரிட்டிஷார் இப்படி ஏதாவது செய்தார்களா?

இலங்கையில் 1848-ல் செய்தார்கள். ஆளுநர் டோரிங்டன் நாய், துப்பாக்கி, வண்டி, கடை என்று வரி போட்டார். ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் சாலை வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும் என்ற சட்டமும் வந்தது; கிட்டத்தட்ட தலைவரிதான். மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சித் தலைவர் புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். டோரிங்டனையும் சில காலத்தில் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

பழைய பாக்கியை எல்லாம் கடைசியில் என்ன செய்தார்கள்?

வரி ஒழிந்தாலும் பாக்கி ஒழியவில்லை. கவுன்சில்கள் பல வருடம் துரத்தின. 2014-ல் ஸ்காட்லாந்து விடுதலை வாக்கெடுப்புக்காக லட்சக்கணக்கானவர்கள் வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்த்தபோது, சில கவுன்சில்கள் அந்தப் பட்டியலை வைத்துப் பழைய போல் டாக்ஸ் பாக்கிதாரர்களைத் தேடலாம் என்று யோசித்தன. அப்போது அங்கே முதலமைச்சராக இருந்த அலெக்ஸ் சால்மண்ட் அதைத் தடுப்பதாக அறிவித்தார். 2015-ல் தனிச் சட்டம் போட்டு அந்த ஆண்டு பிப்ரவரி 1 முதல் ஸ்காட்லாந்தில் மிச்சமிருந்த பாக்கி முழுவதையும் ரத்து செய்தார்கள். ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு எதுவும் திருப்பித் தரவில்லை.